நடுத்தர விலை எலக்ட்ரிக் கிட்டார்: புதுசு வாங்கவா, இருப்பதைச் சரிசெய்யவா?

ஆறுகம்பி:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கிறது ஆரம்பநிலை கிட்டார். ஸ்ட்ராட் வடிவம், மூணு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியோட அசைவை மின் சிக்னலா மாத்துறது), கூடவே வந்த சின்ன ஆம்ப். அதுலதான் கத்துக்கிட்டேன். பார் கார்டு, பெண்ட் (கம்பியைப் பக்கவாட்டுல தள்ளிச் சுதி ஏத்துறது), கொஞ்சம் லீட் எல்லாம் கைக்கு வந்தாச்சு. இப்ப நண்பர்களோட சேர்ந்து வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் குறையெல்லாம் தெரியுது.

மூணாவது கம்பியை ஒரு தடவை பெண்ட் பண்ணினா சுதி மாறிடுது. 12-வது ஃப்ரெட்டுக்கு (நெக்குல குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) மேல முதல் கம்பியை, அதாவது மெல்லிய கம்பியை, முழுசா பெண்ட் பண்ணினா சத்தம் பாதியிலேயே அடங்கிப்போகுது. டிரைவ் (ஒலியைக் கரகரப்பா மாத்துறது) போட்டா ஒரே இரைச்சல். நெக்கும் என் கைக்குத் தடிமன். ரொம்ப நேரம் ரிதம் வாசிச்சா கட்டைவிரலோட அடிப்பக்கம் வலிக்குது.

சேர்த்து வெச்ச பணம் நடுத்தர விலையில ஒரு கிட்டாருக்குப் போதும். ஃபெண்டர் பிளேயர் II, பிஆர்எஸ் எஸ்இ கஸ்டம் 24, யமஹா பசிஃபிகா 612, ஸ்குவையர் கிளாசிக் வைப், இந்த நாலும்தான் மனசுல இருக்கு. இப்பவே வாங்கினா நிஜமாவே வித்தியாசம் தெரியுமா? இல்ல, இருக்கிறதையே சரி பண்ணி ஓட்டலாமா?

பழைய சால்டர்:
வாங்கும் முன் உங்கள் கிட்டாரை ஒருமுறை அளந்து பாருங்கள். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் மூன்றுக்குக் காரணம் பிடிபட்டுவிடும். காரணம் தெரியாமல் புதுசு வாங்கினால், அதே குறை அதிலும் வரும்போது மறுபடியும் இதே கேள்வியோடு நிற்பீர்கள்.

முதலில் நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். அளக்கத் தனிக் கருவி வேண்டாம்: 10 கேஜ் செட்டின் முதல் கம்பி 0.010 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட அதே கால் மில்லிமீட்டர். வெட்டிப்போட்ட பழைய துண்டை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பாதீர்கள்.

அடுத்தது ஆக்‌ஷன். அதாவது கம்பி ஃப்ரெட்டுக்கு மேல் நிற்கும் உயரம். 12-வது ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு 1.6 மி.மீ., ஆறாவதுக்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம்.

மூன்றாவது நட், அதாவது நெக்கின் மேல் முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சிறு துண்டு. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். மயிரிழை இடைவெளி மட்டும் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் ஓப்பன் கார்டுகள் எல்லாம் சுதி ஏறிக் கேட்கும். சுதி சேர்க்கும் திருகான ட்யூனரை மெதுவாகத் திருப்பும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது.

கடைசியாக, நேரான ஒரு சின்ன இரும்புத் துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடுவில் இருக்கும் ஃப்ரெட் தூக்கியிருக்கிறது.

மேடைக்குரல்:
சால்டர் அண்ணா சொல்றது சரிதான். ஆனா எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கு. நெக் தடிமனா இருந்து கை வலிக்குதுன்னு அவரே சொல்றார். அதை எந்த செட்டப்பும் (இப்படி அளந்து சரிபண்ற வேலை) மாத்தாது. நட் மாத்தலாம், பிக்கப் மாத்தலாம், ட்யூனர் மாத்தலாம். நெக்கோட வடிவம் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனா கடைசியில ஆரம்பநிலை கிட்டார்ல புது கிட்டாரோட பணத்தைப் போட்டிருப்பீங்க. விக்கும்போது அந்தப் பணம் திரும்பாது.

நண்பர்களோட வாசிக்கிறீங்கன்னா நம்பகம்தான் முதல் விஷயம். பாட்டு நடுவுல சுதி போச்சுன்னா அன்னைக்கு நீங்க எவ்வளவு நல்லா வாசிச்சாலும் பிரயோஜனம் இல்ல. என் ஓட்டு புதுசுக்கு.

நள்ளிரவு ஹெட்போன்:
ரெண்டு பேரும் ஆம்பைப் பற்றிப் பேசவே இல்லையே? கிட்டாரோடு சேர்த்துக் கொடுக்கும் சின்ன ஆம்பில் எந்தக் கிட்டாரைச் செருகினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் மேல் அதிர்வெண்களை வெட்டிவிடும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்த வெட்டும், ஸ்பீக்கரின் அளவும், பெட்டியின் அளவும் சேர்ந்து செய்வது. 12 அங்குல ஸ்பீக்கர் கொடுக்கும் அடித்தொனி அந்தச் சின்னப் பெட்டியில் எப்படி வரும்?

வீட்டில் சத்தம் போட முடியாதவர்களுக்கு, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஆம்ப் சிமுலேஷன் மென்பொருளும் போதும். அதில் ஸ்பீக்கர் கேபினெட்டையும் சேர்த்து இயக்குங்கள். அது இல்லாமல் டிரைவ் போட்டால் தகரத்தைக் கீறுவது போல இருக்கும். குழுவோடு வாசிக்க பாஸ் கட்டானா, ஃபெண்டர் மஸ்டாங் போன்ற, பல ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப் ஒன்று போதும். ஒலிதான் உங்கள் குறை என்றால் பணத்தை முதலில் அங்கே போடுங்கள் என்பேன்.

மேடைக்குரல்:
ஒலிக்கு ஆம்ப்னு ஒத்துக்கறேன். ஆனா அவர் கேட்டது பெரும்பாலும் கையில தெரியற விஷயம். ஃப்ரெட், நெக், சுதி. ஆம்ப் அதுல எதையும் தொடாது.

தேக்குமரம்:
மரத்தையும் பாருங்க. மஹோகனி உடல்னா சூடான ஒலி, ஆல்டர்னா சமநிலை. கிளாசிக் வைப்ல சில மாடல்ல ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதிச்ச பலகை) இந்தியன் லாரல்னு போட்டிருக்கு, ரோஸ்வுட் இல்ல. தரம் குறைச்சலோன்னு சந்தேகமா இருக்கு.

பழைய சால்டர்:
லாரல் பற்றிய சந்தேகம் வேண்டாம். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் கிட்டத்தட்ட முழுவதும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. அதனால்தான் பல நிறுவனங்கள் பாவ் ஃபெரோ, லாரல் என்று மாறின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அதன் பிறகு ரோஸ்வுட் மெல்லத் திரும்பி வந்தது. பிளேயர் II வரிசையிலும் இருக்கிறது. காய்ந்த, நன்றாக இழைத்த லாரல் ஃபிங்கர்போர்டில் வாசிப்பதில் எந்தக் குறையும் நான் கண்டதில்லை.

உடல் மரத்தைப் பொறுத்தவரை, எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் பிடிப்பது கம்பியின் அசைவை. பிக்கப்பின் வகை, பிரிட்ஜிலிருந்து (கம்பிகளின் கீழ்முனைத் தாங்கி) அது இருக்கும் தூரம், கம்பிக்கும் அதற்கும் உள்ள உயரம் இவை மூன்றையும் மாற்றிப் பாருங்கள், காதில் உடனே தெரியும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினாலே வேறு கிட்டார் மாதிரி கேட்கும். மரத்தைப் பார்த்து நான் முடிவு செய்வது எடையை மட்டும்தான்.

தேக்குமரம்:
எடையும் உறுதியும் மரத்தாலதானே அண்ணா வருது? ஒரே பிக்கப் போட்ட ரெண்டு கிட்டார் வேற வேற மாதிரி கேட்டிருக்கேன். முழுசா ஒதுக்க மனசு வரல.

பழைய சால்டர்:
ஒதுக்க வேண்டாம். ஆனால் மர விவரத்தைப் படித்து கிட்டாரைத் தேர்வு செய்யாதீர்கள், காதால் தேர்வு செய்யுங்கள். அந்த அளவில் நாம் இருவரும் ஒத்துப்போகலாம்.

இடக்கை:
நான் இடது கைப் பழக்கம் உள்ளவள். எங்களுக்குக் கிடைக்கும் மாடல்கள் குறைவு என்பதால் ஒவ்வொன்றையும் ரொம்பத் துருவிப் பார்த்தே வாங்கிப் பழகிவிட்டேன். ஆறுகம்பி, உங்கள் பட்டியலில் கைக்குத் தெரியும் முக்கியமான வித்தியாசம் ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டர், ஸ்குவையர், பசிஃபிகா மூன்றும் 25.5 அங்குலம். பிஆர்எஸ் எஸ்இ கஸ்டம் 24-க்கு 25 அங்குலம். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகைக்கு 24.75. ஒரே கம்பியை ஒரே சுதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் மாறும். 24.75-ஐ விட 25.5-ல் சுமார் 6 சதவீதம் அதிகம். 25-ஐ விட 4 சதவீதம் அதிகம். கேட்க ரொம்பச் சின்ன எண். பெண்ட் பண்ணும் விரலுக்கு அது நன்றாகவே தெரியும். கட்டைவிரல் வலிக்கு நெக்கின் தடிமனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஆக்‌ஷன் அதிகமாக இருந்து கம்பி கெட்டியாக இருந்தாலும் நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம், அதுவும் வலியாக வரும்.

கடையில் பார்க்கும்போது ஆம்பில் செருகாமல் வாசியுங்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம், நின்று பட்டையில் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம். சில கிட்டார்களில் கையை எடுத்தால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். உங்கள் வலிக்கு அது எதிரி. எழுதி வைத்திருக்கும் விவரங்கள் எதிலும் இது இருக்காது.

ஆறுகம்பி:
எல்லாருக்கும் நன்றி. சால்டர் அண்ணா சொன்ன மாதிரி அளந்து பார்த்தேன்.

நெக் இடைவெளி அதிகம்தான், கம்பித் துண்டு ரெண்டு சேர்த்து வெச்சாலும் தாராளமா போகுது. ஆக்‌ஷன் 12-வது ஃப்ரெட்ல முதல் கம்பிக்கு 2.5 மி.மீ.க்குக் கிட்ட. மூணாவது கம்பியைச் சுதி சேர்க்கும்போது "டிங்" சத்தம் தெளிவா கேட்குது. இரும்பு ஸ்கேல் 15-வது ஃப்ரெட்டுக்கு மேல ஆடுது, முதல் கம்பி பக்கம் மட்டும்.

இரைச்சல் விஷயம் ஒண்ணு கவனிச்சேன். கம்பியைத் தொட்டா குறையுது. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கிற ஸ்விட்ச்சை ரெண்டாவது, நாலாவது இடத்துல வெச்சா கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இது என்ன கோளாறு?

பழைய சால்டர்:
இரைச்சலில் கோளாறே இல்லை. தொட்டால் குறைகிறது என்றால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. சிங்கிள் காயில் என்பது ஒரே சுருள். சுற்றியிருக்கும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வையும் சேர்த்துப் பிடிக்கும். உங்கள் கிட்டாரில் நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றாகவும் எதிர்த்துருவமாகவும் செய்திருக்கிறார்கள். அதனால் இரண்டு, நான்காம் இடங்களில் இரண்டு பிக்கப் சேரும்போது இசை கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரின் அடிப்படையும் இதுதான். கிப்சனில் செத் லவர் 1950-களின் நடுவில் வடிவமைத்து, 1957-ல் கிட்டார்களில் வந்தது. ஆகவே, பிளேயர் II-வில் மூன்று சிங்கிள் காயில் மாடலை வாங்கினால் இதே இரைச்சலோடுதான் வரும். நிறையப் பேர் இதை எதிர்பார்க்காமல் வாங்கி ஏமாந்து போகிறார்கள்.

15-வது ஃப்ரெட்தான் உங்கள் சத்தத்தை அடக்குகிறது. ஃபிங்கர்போர்டு தட்டையானது அல்ல, வளைந்தது. முதல் கம்பியை நடுப்பக்கம் தள்ளும்போது அது மேட்டின் மேல் ஏறுகிறது. மேலே இருக்கும் ஃப்ரெட்டோடு இடைவெளி குறைகிறது. அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கியிருந்தால் கம்பி அதில் உட்கார்ந்துவிடும். ஒருவேளை அந்த முனை பள்ளத்தில் இருந்து எழும்பியிருக்கலாம். அப்படியானால் தட்டி உட்காரவைத்தால் தீர்ந்தது. இல்லையென்றால் அந்த ஒரு ஃப்ரெட்டை மட்டும் அரத்தால் சமன் செய்து மறுபடி உருட்டிவிட வேண்டும். நெக் வளைவைச் சரிசெய்த பிறகே இதைப் பாருங்கள், வரிசை முக்கியம்.

நட்டுக்கு, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் சிக்கினால் சரியான அளவு அரத்தால் பள்ளத்தை நுனியளவு அகலப்படுத்தச் சொல்லுங்கள். மொத்தமாகப் பார்த்தால் புதுக் கிட்டாருக்கு வைத்திருக்கும் பணத்தில் சிறு பங்கு கூட ஆகாது.

மேடைக்குரல்:
லெஸ் பால் வகை பார்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஹெட்ஸ்டாக்ல (ட்யூனர் இருக்கிற மேல்தலை) மூணாவது, நாலாவது கம்பி நட்டைத் தாண்டினதும் பக்கவாட்டுல விலகிப் போகும். அதனால அங்க மூணாவது கம்பி சுதி மாறுறது இன்னும் அதிகம். விலை கூடினா இந்தத் தொல்லை போயிடும்னு நினைக்க வேண்டாம், அது வடிவத்துலயே இருக்கு. நட்டை யாராவது கவனமா வெட்டித் தரணும்.

அப்புறம் ஆறுகம்பி, உங்க ட்ரெமோலோ பிரிட்ஜ் (ஆட்டிச் சுதியை மாத்துற பிரிட்ஜ்) உடலைத் தொடாம மிதந்துக்கிட்டு இருந்தா, ஒரு கம்பியை பெண்ட் பண்ணும்போது மத்த கம்பிங்க சுதி இறங்கும். அதை ஆட்டுற வாமி பார் தொடறதே இல்லன்னா பின்னாடி ஸ்ப்ரிங்கை இறுக்கி உடலோட ஒட்டவெச்சுடுங்க.

விரல்நுனி:
எனக்கும் கிட்டத்தட்ட இதே கேள்வி, ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று பார்க்கிறேன். மேல்நிலை மாடல் நடுத்தர விலைக்கு வருகிறது. என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய சால்டர்:
நெக்கின் முதுகில், ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாய்ந்த ஹெட்ஸ்டாக் உள்ள மஹோகனி நெக்குகள் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். பெயிண்டுக்கு அடியில் மெல்லிய கோடு தெரிந்தால் ஒட்டவைத்தது. நன்றாக ஒட்டியது பல காலம் நிற்கும், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். அது கடைசி வரை இறுகிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள், வேறு கிட்டார் கிடைக்கும். ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா, முதல் மூன்று ஃப்ரெட்டில் முக்கியமாக. எல்லா பிக்கப், எல்லா நாப், ஜாக். நாப் திருப்பும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போகும். பெரிய பெயர் போட்டு விலை மட்டும் ரொம்பக் குறைவாக இருந்தால் போலியாக இருக்கலாம். சீரியல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அதையும் அச்சடிப்பார்கள்.

இடக்கை:
வாங்கியதும் ஒரு செட்டப்புக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், புதுசாக இருந்தாலும். காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது. முனைகள் வெளியே வந்து கையைக் கீறும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தால் நல்லது.

ஆறுகம்பி:
முடிவைச் சொல்லிடறேன். சரி பண்ற வேலையை முதல்ல செஞ்சேன். ட்ரஸ் ராடைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி ஆக்‌ஷனை 1.7 வரைக்கும் இறக்கிட்டேன். நட்டுல பென்சில் தேய்ச்ச பிறகு மூணாவது கம்பி நல்லாவே நிக்குது. 15-வது ஃப்ரெட்டை கிட்டார் சரி பண்றவர் ஒருத்தர்கிட்ட கொடுத்தேன், முனை எழும்பித்தான் இருந்தது, உட்காரவெச்சுக் கொடுத்தார். இப்ப பெண்ட் முழுசா கேட்குது.

பழைய கிட்டார் இப்படி மாறினது நிஜமாவே சந்தோஷம். ஆனா ரெண்டு விஷயம் மாறல. நெக் தடிமன் அப்படியே இருக்கு, வலி குறைஞ்சாலும் போகல. டிரைவ் வாசிக்கும்போது பிரிட்ஜ் பிக்கப்தான் எனக்கு வேணும், அங்க இரைச்சல். இந்த ரெண்டும் செட்டப்ல தீராதுன்னு இப்பத் தெளிவா தெரியுது. அதனால வாங்கறேன்.

பிளேயர் II-வும் கிளாசிக் வைப்பும் வாசிக்க ரொம்பப் பிடிச்சுது, ஆனா நான் பார்த்தது ரெண்டுமே மூணு சிங்கிள் காயில். பசிஃபிகா 612-க்கும் எஸ்இ கஸ்டம் 24-க்கும் நடுவுலதான் ரொம்ப நேரம் நின்னேன். பசிஃபிகால பிரிட்ஜ்ல ஹம்பக்கர், மத்த ரெண்டும் சிங்கிள் காயில், கம்பியைப் பூட்டிப் பிடிக்கிற லாக்கிங் ட்யூனர் வேற. என் கிட்டார்ல வர்ற ரெண்டாவது, நாலாவது இடத்து ஒலி எனக்கு உசுரு, அது பசிஃபிகால கிடைக்குது. எஸ்இ-ல நெக் அகலம், மெல்லிசு, பெண்ட் லேசு. நின்னுக்கிட்டு வாசிச்சுப் பார்த்தப்ப கை வலிக்காம இருந்தது எஸ்இ-தான். ஹம்பக்கரைப் பிரிச்சு ஒத்தைச் சுருளா வாசிக்கிற வசதியும் இருக்கு. அந்த ஒலி அசல் சிங்கிள் காயில் அளவுக்கு இல்ல, ஆனா அந்த ஒலிக்குத்தான் பழசு இருக்கே. எஸ்இ எடுக்கறேன்.

நள்ளிரவு ஹெட்போன்:
நல்ல முடிவு. ஆம்பைப் பிறகாவது மாற்றுங்கள், அந்த ஹம்பக்கர் சின்னப் பெட்டியில் மூச்சு முட்டும்.

மேடைக்குரல்:
பழசை விக்காதீங்க. அரை சுதி இறக்கிக் கட்டி வெச்சா மேடையில ரெண்டாவது கிட்டாரா ரொம்ப உதவும்.

ஆறுகம்பி:
அதுதான் எண்ணம். இப்ப அதுல 9 கேஜ் கம்பி. அரை சுதி இறக்கினா தொளதொளன்னு ஆகுமா? 10 போடலாமா, இல்ல 11-ஆ?

பழைய சால்டர்:
10-46 செட் (முதல் கம்பி 0.010, ஆறாவது 0.046 அங்குலம்) போடுங்கள். அரை சுதி இறங்கினால் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறையும். 9-லிருந்து 10-க்குப் போவது அதை ஈடுகட்டிவிடும், கைக்கு இப்போதையதை விடக் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். 11 வேண்டாம். நட் பள்ளங்கள் 9-க்கு வெட்டியவை, தடித்த கம்பி மறுபடியும் சிக்கும். கம்பி மாற்றியதும் 12-வது ஃப்ரெட்டில் இன்டோனேஷனை, அதாவது அழுத்தும்போது சுதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். அழுத்திய சுதி ஹார்மோனிக்கை (அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) விட ஏறியிருந்தால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள்.